டெங்கு பரவல் மாடலும் பூல் பரிசோதனையும்: கடலூர், புதுச்சேரி ஆய்வு மாணவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலோ காலாப்பட்டுப் புதுவைப் பல்கலைக்கழகத்திலோ பயன்பாட்டுக் கணிதம் படிப்பவருக்கு, குறியீட்டுக் கோட்பாடும் (பிழை நேர்ந்தாலும் தகவலை மீட்க உதவும் கோடிங் தியரி) நோய்ப் பரவல் மாடலும் தொடர்பே இல்லாத துறைகளாகத்தான் தெரியும். ஒன்றில் முடிவுள்ள களங்கள், அணிகள்; மற்றொன்றில் வகைக்கெழுச் சமன்பாடுகள். ஆனால் பரிசோதனைக் கிட் போதாத இடத்தில் இரண்டும் சந்திக்கின்றன. நூறு பேரில் எத்தனை பேருக்குத் தொற்று இருக்கும் என்று மாடல் ஒரு விகிதம் சொல்கிறது. எத்தனை சாம்பிளை ஒன்றாகக் கலந்து சோதிக்கலாம் என்பதை அந்த விகிதம்தான் முடிவு செய்கிறது. கலந்து சோதித்த முடிவு மறுபடி மாடலுக்குள் போகிறது. இந்தச் சுற்றை ஒரு முறை முழுதாகச் செய்து முடிக்கத் தேவையானவை இங்கே.

படி 1: எத்தனை பேரா, யார் யாரா?

எதையும் தொடங்கும் முன் இதை எழுதி வைத்துவிடுங்கள். பரவல் விகிதம் மட்டும் தெரிந்தால் போதும் என்றால், பாசிட்டிவ் வந்த பூலை (ஒன்றாகக் கலந்த சாம்பிள் தொகுப்பை) பிரித்து மறுபடி சோதிக்கவே வேண்டாம். புள்ளியியல் மதிப்பீடு போதும். யாருக்குத் தொற்று என்று ஆள் ஆளாகத் தெரிய வேண்டும் என்றால்தான் குறியீட்டுக் கோட்பாடு தேவைப்படும். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் தேவையில்லாத மறுபரிசோதனைக்குக் கிட்டைச் செலவழிக்கும் திட்டங்கள் நிறைய உண்டு.

படி 2: தரவு, அதில் நம் பகுதிக்கே உரிய சிக்கல்

வாராந்தரக் காய்ச்சல் தரவு ஐஹெச்ஐபி என்ற மத்திய அரசின் நோய்க் கண்காணிப்புத் தளத்தில் மூன்று வழியாக வருகிறது: களப்பணியாளர் நிரப்பும் எஸ் படிவம், மருத்துவர் நிரப்பும் பி படிவம், ஆய்வகம் நிரப்பும் எல் படிவம். டெங்கு மாடலுக்கு எல் படிவ எண்ணிக்கையை அடிப்படையாக எடுத்துக்கொண்டு, பி படிவத்தைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். எல் படிவத்திலும் என்எஸ்1 (வைரஸின் புரதத்தைத் தேடும் சோதனை), ஐஜிஎம் (உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளைத் தேடும் சோதனை) இரண்டையும் ஒரே நெடுவரிசையில் கூட்டாதீர்கள். காய்ச்சலின் முதல் 5 நாளில் என்எஸ்1 பிடிபடும். ஐஜிஎம் அதற்குப் பிறகுதான் ஏறும், வாரக் கணக்கில் நிற்கவும் செய்யும். கூட்டினால் உச்சி மழுங்கி, பின்னால் தள்ளிப்போகும்.

அடுத்தது எல்லை. புதுச்சேரி மாவட்டம் ஒரே துண்டாக இல்லை. பாகூர் பக்கம் கடலூர் மாவட்டத்தோடு பின்னிக் கிடக்கிறது. கடலூர், விழுப்புரம் மாவட்ட நோயாளிகள் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கு வருகிறார்கள். ஆகவே மருத்துவமனை இருக்கும் இடத்தை வைத்து எண்ணினால் புதுச்சேரியில் நோய் அதிகமாகவும் கடலூரில் குறைவாகவும் தெரியும். நோயாளி வசிக்கும் ஊரை வைத்துப் பிரித்த எண்ணிக்கை கேளுங்கள். அது கிடைக்காவிட்டால் இரண்டையும் ஒரே வட்டாரமாகச் சேர்த்து மாடல் எழுதுவதே நேர்மை. தரவு கேட்கும் கடிதமும் இரண்டு: தமிழ்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறைக்கு ஒன்று, புதுச்சேரி சுகாதாரத் துறைக்கு ஒன்று. பெயர் நீக்கிய தரவாக இருந்தாலும் நிறுவன நெறிமுறைக் குழு ஒப்புதலை முன்னதாகவே வாங்கிவிடுங்கள். பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டால் கட்டுரை அனுப்பும் நேரத்தில் சிக்கும்.

மக்கள்தொகைக்கு 2011 கணக்கெடுப்பு: கடலூர் மாவட்டம் சுமார் 26.06 லட்சம், புதுச்சேரி மாவட்டம் சுமார் 9.5 லட்சம். அதன் பிறகான ஆண்டுகளுக்கு எந்த வளர்ச்சி வீதத்தில் நீட்டினீர்கள் என்பதைக் கட்டுரையில் சொல்லுங்கள்.

தீபாவளி, பொங்கல் வாரங்களில் எண்ணிக்கை சரிந்து அடுத்த வாரம் எகிறும். நோய் குறைந்ததல்ல, பதிவு தள்ளிப்போனது. அறிக்கை தேதியை விட்டுக் காய்ச்சல் தொடங்கிய தேதிக்கு மாறினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

படி 3: மாடலை எழுதுதல்

கொசு வழியே மலேரியா பரவுவதற்கான தடயத்தை ரொனால்ட் ராஸ் 1897இல் செகந்திராபாத்தில் கண்டார். பின்னர் அதற்குக் கணிதமும் எழுதினார். மக்டொனால்ட் அதை விரிவாக்கினார். கெர்மாக்கும் மெக்கென்ட்ரிக்கும் 1927இல் எழுதிய கட்டுரை நேரடியாகப் பரவும் நோய்களின் மாடல்களுக்கு அடிப்படை. டெங்குவுக்கு ராஸ் வழிதான் சரி.

மனிதர்களை நான்கு பெட்டியாகப் பிரியுங்கள்: தொற்றுக்கு ஆளாகக்கூடியவர், தொற்று ஏறியும் பரப்பாதவர், பரப்புபவர், குணமானவர். கொசுக்களுக்கு மூன்று போதும், கொசு குணமாவதில்லை. சமன்பாடுகளைக் கணினியில் ஏற்றும் முன் அடிப்படைப் பரவல் எண்ணைக் (ஒரு நோயாளியால் சராசரியாக எத்தனை பேருக்குத் தொற்றும் என்ற எண்; 1க்குக் கீழே போனால் பரவல் அணையும்) கையால் கணக்கிடுங்கள்:

பரவல் எண் = (ஓர் ஆளுக்கு எத்தனை கொசு × கடி வீதம் × கடி வீதம் × கொசுவிலிருந்து மனிதருக்குத் தொற்றும் வாய்ப்பு × மனிதரிலிருந்து கொசுவுக்குத் தொற்றும் வாய்ப்பு × வைரஸ் முதிரும் வரை உயிரோடிருக்கும் கொசுக்களின் பங்கு) ÷ (கொசு இறப்பு வீதம் × மனிதர் குணமாகும் வீதம்)

கடி வீதம் இருமுறை வருவது பிழையல்ல. ஒரு கடியில் கொசுவுக்குத் தொற்று ஏற வேண்டும், இன்னொரு கடியில் அது மனிதருக்கு இறங்க வேண்டும்.

விளக்கத்துக்காக மட்டும் சில எண்கள்: ஆளுக்கு 2 கொசு, நாளுக்கு 0.5 கடி, தொற்றும் வாய்ப்பு இரண்டும் 0.4, கொசு இறப்பு வீதம் நாளுக்கு 0.1, கொசுவுக்குள் வைரஸ் முதிர 10 நாள், மனிதர் பரப்பும் காலம் 5 நாள். பத்து நாள் தாண்டி உயிரோடிருக்கும் கொசுக்கள் சுமார் 37%. விடை 1.47. முதிரும் காலத்தை 7 நாளாக்கினால் 1.99க்கு ஏறும், வெப்பம் கூடினால் நடப்பது இதுதான். கொசு இறப்பு வீதத்தை 0.1இலிருந்து 0.125ஆக்கினால் 0.92க்கு இறங்கி, பரவல் தானே அணையும். இதே குறைவைக் கொசு எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் அடைய வேண்டுமானால் எண்ணிக்கையை முப்பத்தெட்டு சதவீதம் குறைக்க வேண்டும். வளர்ந்த கொசுவின் ஆயுளில் ஏற்படும் சிறு மாற்றம்கூட ஏன் பெரிதாகத் தெரிகிறது என்பதற்கு இந்த ஒரு கணக்கு போதும்.

சில நூல்கள் இந்த எண்ணின் வர்க்கமூலத்தைப் பரவல் எண் என்கின்றன. அப்படிப் பார்த்தால் 1.47 என்பது 1.21. அடுத்தவர் கட்டுரையோடு ஒப்பிடும் முன் அவர் எதைச் சொல்கிறார் என்று பாருங்கள்.

அதிகம் பேர் சறுக்கும் இடம், கொசுவுக்குள் வைரஸ் முதிரும் காலம். அதை ஒரே பெட்டியாக வைத்து ‘சராசரி 10 நாள்’ என்று எழுதினால், முதல் நாளே சில கொசுக்கள் பரப்பத் தொடங்கிவிடும். முதிர்வைத் தாண்டும் பங்கு 37%க்குப் பதில் 50% ஆகும். அந்தப் பெட்டியை நான்காக உடைத்து ஒவ்வொன்றுக்கும் 2.5 நாள் கொடுத்தால் 41%, பத்தாக உடைத்தால் 38.6%. நான்குக்குக் குறையாமல் வையுங்கள்.

மழையைச் சேர்க்கும்போது கால இடைவெளியை யோசித்து வையுங்கள். முட்டை கொசுவாக 8 முதல் 10 நாள், கொசுவுக்குள் வைரஸ் முதிர 7 முதல் 10, கடிபட்டவருக்குக் காய்ச்சல் வர 4 முதல் 7, அவர் டாக்டரிடம் போக இரண்டு மூன்று நாள். அக்டோபர் முதல் வார மழைக்கு மாத இறுதிக்குப் பிறகுதான் காய்ச்சல் தெரியும். மழை கூடக் கூடக் கொசு கூடும் என்றும் நேர்கோடு போடாதீர்கள். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கொட்டியது போன்ற மழை வளர்ப்பிடங்களையே அடித்துக்கொண்டு போகும். தண்ணீர்த் தட்டுப்பாட்டு நாளில் டிரம்மிலும் சிமெண்டுத் தொட்டியிலும் சேமிக்கும் நீரே கொசுவை வளர்க்கும். ஓர் அளவுக்கு மேல் விளைவு குறையும் வளைகோடாக எழுதுவது நல்லது.

படி 4: கணினியில் தீர்த்தல்

பைத்தானோ ஆர் மொழியோ, எதுவானாலும் சரி. ஆய்லர் முறையில் ஒரு நாள் தாவலாகப் போகாதீர்கள். கொசுப் பெட்டிகள் எதிர்மறைக்குப் போய்விடக்கூடும். தாவலைத் தானே மாற்றிக்கொள்ளும் ரங்கே–குட்டா முறை இந்த அளவுக்குத் தாராளமாகப் போதும். ஒவ்வோர் ஓட்டத்திலும் மனிதப் பெட்டிகளின் கூட்டுத்தொகை மாறாமல் இருக்கிறதா என்று பாருங்கள். மாறினால் எங்கோ ஒரு குறி தவறு. நாள் வீதமும் வார வீதமும் கலந்துவிட்டால் கூட்டுத்தொகை மாறாது, பரவல் மட்டும் ஏழு மடங்கு வேகமாக ஓடும். அதைக் கண்ணால் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும்.

படி 5: தரவோடு பொருத்துதல்

வாராந்தர எண்ணிக்கை ஒன்றை வைத்துக்கொண்டு பத்து மாறிலிகளைக் கண்டுபிடிக்க முடியாது. கொசு விகிதமும் தொற்றும் வாய்ப்புகளும் பெருக்குத்தொகையாகவே சமன்பாட்டில் வருவதால், தரவு அந்தப் பெருக்குத்தொகையை மட்டும்தான் சொல்லும். இன்னொரு சிக்கலான ஜோடி: எத்தனை சதவீத நோய் பதிவாகிறது, தொடக்கத்தில் எத்தனை பேர் எதிர்ப்புச் சக்தி இல்லாமல் இருந்தார்கள் என்பவை. டெங்குத் தொற்றில் பெரும்பங்கு அறிகுறி இல்லாமலே போகிறது. நான்கு வகை வைரஸ் வேறு. பாதிப் பேர் எதிர்ப்புள்ளவர், எல்லா நோயும் பதிவாகிறது என்றாலும், எல்லோரும் எதிர்ப்பற்றவர், பாதிதான் பதிவாகிறது என்றாலும் ஏறத்தாழ ஒரே வளைகோடு வரும். ரத்த ஆய்வுத் தரவு இருந்தால் ஒன்றைப் பூட்டிவிடலாம். இல்லாவிட்டால் இரண்டையும் தனித்தனியாக மதிப்பிட்டதாக எழுதாதீர்கள்.

மூன்று மாறிலிகளுக்கு மேல் பொருத்த வேண்டாம்: பரவல் வலிமை, பருவ ஏற்ற இறக்கத்தின் அளவு, பதிவு விகிதம். மற்றவற்றை வெளியான ஆய்வுகளிலிருந்து எடுத்து நிலையாக வையுங்கள். பிழைச் சார்புக்கு மீச்சிறு வர்க்கம் எடுத்தால் நவம்பர் உச்சி மற்ற வாரங்களையெல்லாம் விழுங்கிவிடும். எதிர்மறை ஈருறுப்புப் பரவல் (நெகட்டிவ் பைனோமியல்; அதிகம் சிதறும் எண்ணிக்கைக்கு ஏற்றது) பயன்படுத்துங்கள்.

கடைசி இரண்டு பருவங்களை மாடலுக்குக் காட்டாமல் ஒதுக்கி வைத்துச் சோதியுங்கள். முந்தைய ஆண்டுகளின் அதே வாரச் சராசரியைக்கூட உங்கள் கணிப்பு தோற்கடிக்கவில்லை என்றால் முன்கணிப்பு என்று தலைப்பு வைக்காதீர்கள். நீண்ட காலத் தரவோடு மாடலைப் பொருத்துவது எப்படி என்று பார்க்க நம் ஊரிலேயே நல்ல முன்னுதாரணம் உண்டு: யானைக்கால் நோய்க்கான லிம்ஃபாசிம் மாடல் புதுச்சேரித் தரவோடு பொருத்தப்பட்டு 2004இல் வெளியானது. 1975இல் தொடங்கிய புதுச்சேரி வெக்டர் கண்ட்ரோல் ரிசர்ச் சென்டரின் (நோய் பரப்பும் பூச்சிகளை ஆராயும் மையம்) களப்பணியால் கிடைத்த தரவு அது.

படி 6: எத்தனை என்பதற்குப் பூல்

பிடித்த கொசுக்களை ஒவ்வொன்றாகச் சோதிப்பதில்லை. 25 கொசுவை ஒரே குழாயில் அரைத்துப் பிசிஆர் செய்வது வழக்கம். 40 பூல், மொத்தம் 1000 கொசு, 6 பூல் பாசிட்டிவ் என்றால் பழைய முறையில் 1000க்கு 6. சரியான மதிப்பீடு இப்படி: நெகட்டிவ் பூல்களின் பங்கான 0.85க்கு 25ஆம் மூலம் எடுத்து 1இலிருந்து கழியுங்கள். விடை 1000க்கு 6.5. வித்தியாசம் அற்பம். ஆனால் 30 பூல் பாசிட்டிவ் ஆனால் பழைய முறை 3% என்னும், சரியான கணக்கு 5.4% என்னும். ஒரே பூலில் இரண்டு மூன்று தொற்றுக் கொசு இருந்ததைப் பழைய முறை ஒன்றாக எண்ணிவிடுகிறது. நாற்பதும் பாசிட்டிவ் என்றால் எந்தக் கணக்கும் உதவாது. பூல் அளவைக் குறைத்து மறுபடி பிடிக்க வேண்டியதுதான்.

படி 7: யார் என்பதற்குப் பூல், எளிய வழி

1943இல் ராபர்ட் டார்ஃப்மன், அமெரிக்கப் படைக்கு ஆள் எடுக்கும்போது சிபிலிஸ் சோதிப்பதற்காகச் சொன்ன வழி: கலந்து சோதி, நெகட்டிவ் என்றால் எல்லோரையும் விடு, பாசிட்டிவ் என்றால் ஒவ்வொருவரையும் தனியாகச் சோதி. தொற்று 1% என்றால் 11 பேர் பூல் சிறந்தது, ஆளுக்கு 0.196 டெஸ்ட் ஆகும். 2% என்றால் 8 பேர், 0.274. 5% என்றால் 5 பேர், 0.426. 10% என்றால் 4 பேர், 0.594. 30%ஐத் தாண்டியதும் லாபமே இல்லை. கொரோனா காலத்தில் 2020 ஏப்ரலில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) 5 சாம்பிள் வரை கலக்கலாம் என்றும், தொற்று விகிதம் 2%க்குக் கீழே உள்ள பகுதிகளில் செய்யலாம் என்றும் சொன்னதன் பின்னணி இதுதான்.

சீசனில் காய்ச்சல் ஓபிக்கு வருபவர்களின் சாம்பிளைக் கலக்காதீர்கள். அங்கே விகிதம் மிக அதிகம். விடுதி மாணவர்கள், ரத்த தானம் செய்பவர்கள், அறிகுறி இல்லாத அக்கம்பக்கத்தார் போன்ற குழுக்களில்தான் இது எடுபடும்.

கலந்தால் வைரஸும் நீர்த்துப்போகும். 8 சாம்பிள் பூலில் சிடி மதிப்பு (பிசிஆரில் வைரஸ் தெரிய எத்தனை சுற்று ஆகிறது என்ற எண்) 3 சுற்று தள்ளிப்போகும், 16 என்றால் 4. எல்லை 35 என்றால், தனியாக 33 காட்டும் சாம்பிள் 8 பேர் பூலில் காணாமல் போகும். இந்த இழப்பைக் கணக்கில் காட்டாத ஆய்வு அரைகுறை.

படி 8: ஒரே சுற்றில் யார் என்று கண்டுபிடிக்க, குறியீடு

டார்ஃப்மன் வழியில் இரண்டாம் சுற்றுக்குக் காத்திருக்க வேண்டும். ஒரே சுற்றில் முடிக்க, ஒவ்வொரு சாம்பிளையும் பல பூல்களில் போட்டு, எந்தெந்தப் பூல் பாசிட்டிவ் என்ற வடிவத்தைக் கொண்டு ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஹாமிங் 1950இல் தந்த பிழை திருத்தும் குறியீட்டிலிருந்து தொடங்கலாம். 7 சாம்பிள், 3 பூல். சாம்பிள் எண்ணை இரும முறையில் எழுதி, 1 வரும் இடத்துப் பூல்களில் போடுங்கள். ஐந்தாம் சாம்பிள் 101. முதல், மூன்றாம் பூலில் போகும். ஒருவருக்கு மட்டும் தொற்று என்றால் பாசிட்டிவ் வடிவத்தை வாசித்தாலே அவர் எண் வந்துவிடும். ஆனால் 1ஆம் சாம்பிளும் (001) 2ஆம் சாம்பிளும் (010) பாசிட்டிவ் என்றால் வடிவம் 011. நோயில்லாத மூன்றாமவரைப் பிடித்துக் கொடுக்கும். வேறு யாரோ இரண்டு பேர் மாட்டியிருக்கிறார்கள் என்று எச்சரிக்கக்கூட இதற்குத் தெரியாது.

காட்ஸும் சிங்கிள்டனும் 1964இல் காட்டிய வழி: 1960இல் வந்த ரீட்–சாலமன் குறியீட்டைப் பூல் திட்டமாக மாற்றுவது. செய்முறை இது. சாம்பிள்களுக்கு 0 முதல் 48 வரை எண் கொடுங்கள். எண்ணை 7ஆல் வகுத்து ஈவை ‘அ’, மீதியை ‘ஆ’ என்று வையுங்கள். நான்கு அடுக்கு, அடுக்குக்கு 7 பூல், மொத்தம் 28 பூல். 0, 1, 2, 3 என்ற ஒவ்வோர் அடுக்கிலும் சாம்பிள் போக வேண்டிய பூல் எண்: (அ × அடுக்கு எண் + ஆ)ஐ 7ஆல் வகுத்த மீதி.

38ஆம் சாம்பிளுக்கு அ = 5, ஆ = 3. நான்கு அடுக்கிலும் அது போகும் பூல்: 3, 1, 6, 4.

‘அ × அடுக்கு எண் + ஆ’ என்பது சாம்பிளுக்கு ஒரு நேர்கோடு. இரண்டு நேர்கோடுகள் ஒரு புள்ளிக்கு மேல் வெட்டாது என்பதால், எந்த இரண்டு சாம்பிளும் ஒரு பூலுக்கு மேல் சேர்ந்து இருக்காது. மூன்று பேர் பாசிட்டிவ் என்றாலும் அவர்களால் நோயில்லாதவரின் மூன்று பூல்களைத்தான் கெடுக்க முடியும். நான்காவது நெகட்டிவாக நின்று அவரைக் காப்பாற்றும். ஆகவே முடிவை வாசிப்பது சுலபம்: ஒரு நெகட்டிவ் பூலிலாவது இருந்தவரை நீக்குங்கள், மிஞ்சியவர் பாசிட்டிவ். மிஞ்சியவர் மூவரோ குறைவோ என்றால் விடை சரியென்று நிரூபிக்கலாம். அதிகம் மிஞ்சினால் அவர்களை மட்டும் தனித்தனியாகச் சோதியுங்கள்.

7க்குப் பதில் 8 வைத்தால் 64 சாம்பிள் போடலாமே என்று தோன்றும். வெறும் வகுத்தல் மீதியில் அது உடையும். (அ = 0, ஆ = 0), (அ = 4, ஆ = 0) இரண்டும் 0ஆம் அடுக்கிலும் 2ஆம் அடுக்கிலும் ஒரே பூலில் விழும். பகா எண் எடுங்கள். 8தான் வேண்டும் என்றால் எட்டு உறுப்புள்ள களத்தின் பெருக்கல் அட்டவணையைப் போட்டாக வேண்டும்.

செலவில் இது டார்ஃப்மனைவிடக் கூடுதல். 2% தொற்றில் 49 பேருக்கு டார்ஃப்மன் சராசரியாக 14 டெஸ்டுக்குள் முடிக்கும், இங்கே 28. மிச்சமாவது நேரம். 96 குழித் தட்டில் மூன்று தொகுதி, 84 பூல், மீதி 12 குழி கண்ட்ரோலுக்கு. 147 பேருக்கு ஒரே ஓட்டத்தில் விடை. இஸ்ரேலில் 2020இல் வெளியான பி-பெஸ்ட் என்ற கொரோனா பூல் திட்டம் 384 சாம்பிளை 48 பூலில், ஒவ்வொன்றையும் 6 பூலில் போட்டது. அங்கே பூலுக்கு 48 சாம்பிள், கலக்க ரோபோ. கையால் பிப்பெட் செய்யும் இடத்தில் 49 பேர் தொகுதிக்கே 196 முறை எடுத்து ஊற்ற வேண்டும். பூலுக்கு ஒரு பக்கமாகப் பட்டியல் அச்சடித்து, ஊற்ற ஊற்ற அடித்துக்கொண்டே போக வேண்டும். சாம்பிளிலிருந்து பூலுக்கு 50 மைக்ரோலிட்டர் என்றால் நான்கு பூலுக்கு 200 தேவை. மறுபரிசோதனைக்கு மீதி இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள்.

படி 9: பரிசோதனையே தவறினால்

மேலே சொன்ன வாசிப்பில் ஒரு பூல் பொய்யாக நெகட்டிவ் ஆனால் உண்மையான நோயாளி நழுவிவிடுவார். பொய் நெகட்டிவோ பொய் பாசிட்டிவோ, ஏதாவது ஒரு பிழையைத் தாங்க, ஐந்து அடுக்கு வைத்து, ஒரு நெகட்டிவ் வரை மன்னிக்கலாம். அப்போது 35 பூல். இரண்டு நோயாளி வரை உறுதி. மூன்று பேர் வரை வேண்டுமானால் ஆறு அடுக்கு, 42 பூல். 49 பேருக்கு 42 டெஸ்ட் என்றால் தனித்தனியாகவே சோதித்துவிடலாம்.

படி 10: மாடலோடு இணைத்தல்

அடுத்த வார விகிதம் 2% என்று மாடல் சொன்னால் 49 பேர் தொகுதியில் மூவருக்கு மேல் பாசிட்டிவ் வருவது 60 தொகுதிக்கு ஒன்று. 5% என்றால் நாலில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு. அப்போது 5 பேர் டார்ஃப்மனுக்கு மாறிவிடுங்கள். மாடலின் நடு மதிப்பை வைத்து முடிவெடுக்காமல் மேல் எல்லையை வைத்து முடிவெடுங்கள். ஆய்வகத்தில் வாரா வாரம் பட்டியலை மாற்றச் சொன்னால் பிப்பெட் பிழைதான் கூடும். இரண்டு பட்டியலை மட்டும் பழக்கி, எந்த விகிதத்தில் மாறுவது என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.

பூல் முடிவைத் திரும்ப மாடலுக்குக் கொடுக்கும்போது எண்ணிக்கையோடு சிடி நீர்ப்பால் விட்டுப்போகும் பங்கையும் சேர்த்துக் கொடுங்கள். ஒரு தட்டின் 147 பேரில் ஒருவருக்கும் தொற்று இல்லை என்று வந்தால், விகிதம் 0 என்று ஊட்டாதீர்கள். மாடல் அந்த வாரத்தோடு பரவலை அணைத்துவிடும். ஒன்றும் பாசிட்டிவ் வராதபோது 3ஐச் சோதித்தவர் எண்ணிக்கையால் வகுக்கும் எளிய விதிப்படி, 95% நம்பிக்கையில் மேல் எல்லை 3 ÷ 147, அதாவது சுமார் 2%. அதைத்தான் கொடுக்க வேண்டும்.